புதிதாகக் கடை திறப்பவர்கள் கேட்கும் கேள்விகள்: எந்தப் பதிவு, எந்த உரிமம், எது முதலில்?

தமிழ்நாட்டில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் சிறிய அளவில் தொழில் தொடங்குபவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் டிபன் கடையையும் பலகாரக் கடையையுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உணவுத் தொழிலுக்குத்தான் அதிக அலுவலகங்களின் படியேற வேண்டியிருக்கிறது. அது பிடிபட்டால் தையற்கடை, செல்போன் கடையெல்லாம் எளிது.

கடை திறக்க முதலில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

எந்த அலுவலகத்துக்கும் வேண்டாம். பிடிக்கப்போகும் இடத்தை முதலில் பாருங்கள். உள்ளாட்சி தரும் தொழில் உரிமம் என்பது இன்னார், இந்தக் கதவு எண்ணில், இந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற அனுமதி. ஆள் சரியாக இருந்து இடம் சரியில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சிக்கல் வரும் விண்ணப்பங்களைப் பார்த்தால், பெரும்பாலும் குறை விண்ணப்பித்தவரிடம் இருக்காது, கட்டடத்தில்தான் இருக்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உரிமையாளரிடம் மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது, கடைசி மின்கட்டண ரசீது, கட்டட அனுமதி நகல். சொத்து வரி வீட்டுக்கு விதிக்கப்பட்டதா கடைக்கு விதிக்கப்பட்டதா என்று பாருங்கள். கழிவுநீர் எங்கே போகிறது, கை கழுவவும் பாத்திரம் துலக்கவும் இடம் உண்டா, கடை முன்னால் போட்டிருக்கும் தகரக் கூரை சாலையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அன்றைக்கே கவனியுங்கள். சொத்து வரி பாக்கி உள்ள கட்டடத்துக்குத் தொழில் உரிமம் கேட்டால், பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாக்கி உங்களுடையது அல்ல, காத்திருப்பது மட்டும் உங்களுடையது.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மின் இணைப்பு வீட்டு இணைப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். வீட்டுக் கட்டண வீதத்தில் உள்ள இணைப்பைக் கடைக்குப் பயன்படுத்துவது, 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகரிக்கப்படாத பயன்பாடு. பிடிபட்டால், கட்ட வேண்டிய வீதத்தைப்போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று கண்டறிய முடியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து வரும். கடை தொடங்கி இரண்டே மாதம் ஆனவர் ஓராண்டுக் கணக்கை எதிர்த்து வாதாட வேண்டிய நிலை வரலாம்.

மின்வாரியத்தில் வீதமாற்றத்துக்கு விண்ணப்பிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் அவருடைய சம்மதம் வேண்டும். மாடியில் வீடும் கீழே கடையுமாக ஒரே மீட்டர் இருந்தால், கடைக்குத் தனி இணைப்பு கேளுங்கள். இல்லாவிட்டால் பில் வரும்போதெல்லாம் வீட்டுக்காரரோடு மனஸ்தாபம்தான்.

11 மாத வாடகை ஒப்பந்தம் போதாதா? எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்?

எல்லாரும் போடுகிறார்கள், உண்மை. 11 மாதம் என்றால் பதிவு செய்யத் தேவையில்லை என்ற பழைய வழக்கம் அது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, எழுத்து வடிவில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவது கட்டாயம். காலம் குறைவு என்பது விலக்கு ஆகாது. கடைக்கும் இது பொருந்தும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி விடாமல் எழுதுங்கள்: இந்த இடத்தில் இன்ன தொழில் நடத்த உரிமையாளர் சம்மதிக்கிறார். வெறும் 'வணிகப் பயன்பாடு' என்று மட்டும் இருந்தால், அடுப்பு வைக்கும் தொழிலுக்குத் தனியாகச் சம்மதக் கடிதம் கேட்பதுண்டு.

உத்யம் சான்றிதழ் வாங்கிவிட்டேன். அதுவே உரிமம்தானே?

இல்லை. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். 2020 ஜூலை 1 முதல் உள்ள உத்யம் பதிவு, உங்கள் தொழில் குறு, சிறு, நடுத்தர வகையில் எதைச் சேர்ந்தது என்று ஒன்றிய அரசின் ஏட்டில் ஏற்றும் ஒரு பதிவு. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பின்படி, இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். இதைப் படிக்கிறவர்களில் அநேகமாக எல்லாரும் அதில் அடங்கிவிடுவீர்கள்.

வங்கிக் கடனுக்கும், அரசு மானியத் திட்டங்களுக்கும், பெரிய நிறுவனம் பணத்தைத் தராமல் இழுத்தடிக்கும்போது புகார் செய்யவும் அது உதவும். கடையைத் திறக்க அனுமதி தராது. நகராட்சி ஆய்வாளர் வந்து தொழில் உரிமம் எங்கே என்று கேட்கும்போது உத்யம் தாளைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுக் காட்டினால் அவர் ஏற்கமாட்டார்.

இன்னொன்று, இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேர வேலை. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி 1,500, 2,000 என்று வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். பணம் கேட்கும் பக்கம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை என்று வெளியே வந்துவிடுங்கள்.

சரி, அந்தத் தொழில் உரிமத்தை எங்கே, எப்படி வாங்குவது?

உங்கள் பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023இல் வந்த அதன் விதிகளும்தான் இப்போதைய அடிப்படை. முன்பு சென்னைக்கு ஒரு சட்டம், பிற ஊர்களுக்கு வேறொன்று என்று இருந்தது. சென்னைக்கு மாநகராட்சியின் தளம், பிற ஊர்களுக்கு நகராட்சி நிர்வாகத்தின் இணையவழிக் கட்டணத் தளம். இணையம் பழகாதவர்கள் அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம்.

பொதுவாகக் கேட்பவை: ஆதார், புகைப்படம், வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதம், சொத்து வரி ரசீது, கடையின் அளவு, பயன்படுத்தும் மோட்டார் அல்லது இயந்திரத்தின் குதிரைத்திறன். உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் உண்டு. கட்டணம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில், சதுர அடிக்குச் சதுர அடி மாறும். பக்கத்து ஊர்க்காரர் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

தொழிலின் பெயரைக் குறிப்பிடும்போது நிதானம் தேவை. டீக்கடை என்று உரிமம் வாங்கிவிட்டு மாலையில் புரோட்டாக் கல்லைப் போட்டால், உரிமம் இல்லாமல் நடத்தும் தொழில் என்றே அதை எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்குள் என்னென்ன செய்ய எண்ணமிருக்கிறதோ அத்தனையையும் இப்போதே எழுதிவிடுங்கள். உரிமத் தாளில் முடியும் தேதி இருக்கும். நிதியாண்டை ஒட்டி மார்ச் 31இல் முடிவதே நெடுங்கால வழக்கம் என்பதால், பிப்ரவரி பிறந்தவுடனே புதுப்பிக்கும் வேலையில் இறங்குவது நல்லது.

ஆய்வுக்கு வருபவர் என்ன பார்ப்பார்?

உள்ளாட்சியிலிருந்து துப்புரவு ஆய்வாளரோ சுகாதார ஆய்வாளரோ வருவார். கழிவுநீர், குப்பையைப் பிரித்து வைக்கும் தொட்டி, புகை வெளியேறும் வழி, குடிநீர், கடைக்கு வெளியே பொருள் பரப்பியிருக்கிறதா ஆகியவை முதலில் கண்ணில் படும். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள், அதாவது கேரி பேக், பிளாஸ்டிக் பூசிய டீ கப், உறிஞ்சு குழல் போன்றவை, ஒரு கட்டு இருந்தாலும் அபராதம் உண்டு. முந்தைய கடைக்காரர் பரணில் விட்டுச் சென்ற சரக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. சாவி கைக்கு வந்ததும் பரணைக் காலி செய்யுங்கள்.

எரிவாயு உருளையையும் பாருங்கள். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டக்கூடாது. கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். 'அவசரத்துக்கு ஒன்று' என்று பின்னறையில் வைத்திருப்பதைக் குடிமைப்பொருள் வழங்கல் துறையினர் பறிமுதல் செய்வது வழக்கமான செய்தி.

உணவுப் பாதுகாப்பு எண் என்கிறார்களே, அது யாருக்கு?

சாப்பிடும் பொருளைத் தயாரிக்கும், விற்கும், சேமிக்கும், கொண்டுசெல்லும் எல்லாருக்கும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இதைக் கேட்கிறது. சிறு வியாபாரிகளுக்கான ஏற்பாடு இது: ஆண்டு விற்றுமுதல் ஒரு வரம்புக்குள் என்றால் வெறும் பதிவு போதும், அதற்கு மேல் போனால் மாநில உரிமம், கட்டணமும் ஆவணங்களும் கூடும். 2011 ஒழுங்குமுறை வகுத்தபோது அந்த வரம்பு 12 லட்சம் ரூபாய், பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றிருந்தது. வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று, இந்தப் பதிவுக்கான அரசு இணையதளமான போஸ்காஸில் (FoSCoS) காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

12 லட்சம் என்பது பெரிதாகத் தோன்றும். நாளொன்றுக்கு 3,300 ரூபாய் விற்றாலே ஆண்டுக்கு அதைத் தொட்டுவிடும். நெரிசலான இடத்தில் உள்ள டிபன் கடை ஒரே காலையில் அதை விற்றுவிடும். கணக்கில் வருவது லாபம் அல்ல, விற்பனை.

கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கடையில் தெரியும்படி மாட்ட வேண்டும், பில்லிலும் அச்சிட வேண்டும். மாவட்டத்தில் இதைக் கவனிப்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர். கடைக்கு வருபவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். இவர்கள் நகராட்சி ஆட்கள் அல்ல, வேறு துறை. ஒருவர் பார்த்துவிட்டுப் போனதால் மற்றவர் வரமாட்டார் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உணவுப் பாதுகாப்புப் பதிவு உண்டு, சந்தேகமே வேண்டாம். வீட்டுச் சமையலறை என்பதால் விலக்கு இல்லை. சிறு செலவில், யார் கேட்டாலும் காட்ட ஒரு சான்று கையில் இருப்பது உங்களுக்கே தைரியம்.

பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கினால் சட்டமுறை எடையளவு விதிகள் வந்து சேரும். தயாரிப்பவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், புகாருக்குத் தொடர்பு எண் எல்லாம் பாக்கெட்டில் வேண்டும். உணவுக்கு மேலும் சேர்மானப் பட்டியல், பச்சை நிறச் சைவக் குறி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்பது. இப்படிப் பாக்கெட் போடுபவர் என்று தனியாக ஒரு பதிவும் உண்டு, கட்டணம் 500 ரூபாய். தெரிந்தவர்களுக்குத் தட்டில் எடுத்துக் கொடுப்பதற்கும், பெயர் அச்சிட்ட உறையில் கடைகளுக்குப் போடுவதற்கும் சட்டத்தில் இவ்வளவு தூரம்.

கடையில் வைக்கும் மின்னணுத் தராசைச் சரிபார்த்து ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். தொழிலாளர் துறை இதைப் பார்க்கிறது.

ஜிஎஸ்டி கட்டாயமா?

பொருள் மட்டுமே விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால். சேவை தருபவருக்கு 20 லட்சம். இதில் ஒரு பொறி இருக்கிறது: டீயும் இட்லியும் விற்பது சட்டத்தின் பார்வையில் உணவகச் சேவை. ஆகவே டிபன் கடைக்கு 20 லட்சம்தான் எல்லை. மளிகைக் கடைக்காரர் ஓரத்தில் டீ போட ஆரம்பித்தால், 'பொருள் மட்டும்' என்ற தகுதி போய்விடும். ஐஸ்கிரீம் தயாரிப்பவர்களுக்கு அந்த 40 லட்சம் சலுகை கிடையாது.

வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பி விற்றால் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. பதிவுக்கு அரசு கட்டணம் ஏதும் இல்லை. ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் இணக்கமுறைத் திட்டத்தில் சேர்ந்தால், வியாபாரிகள் விற்பனையில் 1 சதவீதம், உணவகத்தார் 5 சதவீதம் கட்டிவிட்டுக் கணக்கு வழக்கை எளிதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்க முடியாது, வாங்கும் சரக்கில் கட்டிய வரியையும் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது.

வரம்புக்குக் கீழே இருப்பவர் 'கௌரவத்துக்காக' பதிவு செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எண் வாங்கிய அன்றிலிருந்து, ஒரு ரூபாய்க்கு விற்காவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம்.

ஜிபேயில் பணம் வாங்கினால் நோட்டீஸ் வரும் என்கிறார்களே?

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைக் கணக்கிட்டுச் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து வந்த பயம் இது. கியூஆர் அட்டையைக் கழற்றி வைப்பது இதற்கு மருந்தாகாது. உள்ளே வரும் பணம் எதற்கானது என்று காட்டக் கணக்கு இருக்க வேண்டும். கடை வரவும், சீட்டுப் பணமும், மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடந்தால் எல்லாமே விற்பனையாகத் தெரியும். கடைக்கென்று நடப்புக் கணக்கு தொடங்குங்கள். தனிநபர் நிறுவனத்துக்கு வங்கிகள் பொதுவாகத் தொழிலின் பெயரில் இரண்டு ஆவணம் கேட்கும். தொழில் உரிமமும் உத்யம் சான்றிதழும் அதற்குப் போதும்.

வரி விலக்கு பெற்ற பொருள் மட்டுமே விற்பவருக்கு, காய்கறிக் கடைக்காரர் போல, ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. கொள்முதல் சீட்டுகளை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

தொழில் உரிமக் கட்டணம் கட்டியாயிற்று. தொழில் வரி என்று மறுபடியும் கேட்கிறார்கள், இது நியாயமா?

இரண்டும் வேறு. தொழில் வரி என்பது உங்கள் வருமானத்தை வைத்து உள்ளாட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவது. சம்பளக்காரரும் கட்டுகிறார், வியாபாரியும் கட்டுகிறார். அரசியலமைப்பின் 276ஆம் பிரிவின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது.

வேலைக்கு ஆள் வைத்தால்?

10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்த் தொழிலாளர் துறையில் பதிவு. இந்தப் பதிவு முறை 2024 ஜூலையில் நடப்புக்கு வந்தது. ஆள் குறைவென்றாலும் அச்சட்டத்தின் மற்ற கடமைகள் பல உண்டு. வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021இல் வந்தது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே கால் வீங்கியவர்களுக்காக வந்தது அது. உங்கள் சிறு கடைக்கும் பொருந்தும். ஒரு முக்காலிக்கு இடம் விட்டுக் கடையை அமையுங்கள்.

பெயர்ப் பலகையும் இந்தத் துறையின் கண்காணிப்பில்தான். தமிழ் முதலிலும் பெரிதாகவும், அடுத்து ஆங்கிலம், பிறகு வேறு மொழி, அளவு 5:3:2. பலகை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள், மாற்றி எழுதினால் இரட்டைச் செலவு.

நண்பரோடு கூட்டாகத் தொடங்குகிறேன். நம்பிக்கைதானே, பத்திரம் எதற்கு?

கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லைதான். ஆனால் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி, பதியாத நிறுவனம் வெளியாரிடமிருந்து ஒப்பந்தப்படி வர வேண்டியதற்கு வழக்குப் போட முடியாது. கூட்டாளிகளும் ஒப்பந்த உரிமைக்காக ஒருவர்மேல் ஒருவர் போடுவது கடினம். கடன் சரக்குப் போடும் தொழில் என்றால் இது நேராகப் பணப்பையைத் தொடும். பதிவுத் துறையில் பதிந்துவிடுங்கள்.

ஒருவரே நடத்தும் கடைக்குத் தனியாக நிறுவனப் பதிவு இல்லை. கடைப் பெயரை வேறு எவரும் வைக்கக்கூடாது என்றால் வணிகக் குறியை (டிரேட்மார்க்) பதிய வேண்டும். தொழில் உரிமத்தில் பெயர் இருப்பது அந்தக் காப்பைத் தராது.

எனக்குக் கடையே இல்லை, தள்ளுவண்டி. எங்கே போவது?

உங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது: 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். நகராட்சி கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள். சங்கடமான கேள்விதான், கேட்க வேண்டியதும்கூட. அட்டை இருந்தால் பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாக் கடன் முதல் தவணையாக 15,000 ரூபாய் வரை கிடைக்கும். தின்பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வண்டிக்கும் பொருந்தும்.

எங்களுடையது கிராம ஊராட்சி. அங்கும் இப்படித்தானா?

அடிப்படை 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். 2025இல் கிராமத்துக் கடைகளுக்கெல்லாம் உரிமம் என்ற புதிய விதிகள் வெளிவந்து, டீக்கடைக்குமா என்று எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு அவற்றை நிறுத்திவைத்தது. எனவே அரைகுறைச் செய்தியை நம்பாமல் ஊராட்சி அலுவலகத்தில் அல்லது வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தாகக் கேளுங்கள். உணவுப் பதிவு, ஜிஎஸ்டி, தராசு முத்திரை எல்லாம் கிராமமானாலும் நகரமானாலும் ஒன்றே.

ஒரு புரோக்கர் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று ஒரு தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

படிவம் நிரப்பித் தர, அலைச்சலுக்குக் கூலி தருவதில் தவறில்லை. எது அரசுக் கட்டணம், எது அவர் கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்தே விண்ணப்பிக்கச் செய்யுங்கள். அவருடைய எண்ணில் பதிந்துவிட்டால், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண் அவருக்குத்தான் போகும். நீங்கள் மறுபடி அவர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

'மேலே கொடுக்க வேண்டும்' என்று தொகை கேட்டால் அது வேறு விஷயம். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு. கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையை அணுகுவதே பாதுகாப்பு. வெறும் தாமதம் என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் விண்ணப்ப எண்ணோடு பதியலாம். அதற்கும் அசையாவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 'என் விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது' என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பல நேரங்களில் பதிலுக்கு முன்னால் உரிமமே வந்துவிடும்.

கடையை வேறு இடத்துக்கு மாற்றினால், அல்லது மூடினால்?

இடம் மாறினால் தொழில் உரிமம் கூடவே வராது. புது முகவரிக்குப் புதிதாகக் கேட்க வேண்டும். உணவுப் பதிவிலும் உத்யமிலும் ஜிஎஸ்டியிலும் முகவரியைத் திருத்த வேண்டும்.

மூடினால், பூட்டிச் சாவியைக் கொடுத்தால் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உள்ளாட்சிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்குங்கள். இல்லையேல் தொழில் வரி உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே போகும். ஜிஎஸ்டி எண் இருந்தால் 30 நாளுக்குள் ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மின் இணைப்பை வணிக வீதத்துக்கு மாற்றியிருந்தால், அட்வான்ஸைத் திரும்ப வாங்கும் அன்று கடைசி மீட்டர் அளவைப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.